காவல் இல்லாத கட்டு

தராசுக்காரர் என்றால் அந்த வட்டாரத்துக் கடைகளில் தெரியாதவர் இல்லை. பழக்கடை, இறைச்சிக்கடை, இரும்புக்கடை, தபால் அலுவலகம் என்று எங்கெல்லாம் எடை போடுகிறார்களோ அங்கெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை தோளில் பையோடு வந்து நிற்பார். பைக்குள் ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் சின்னதும் பெரியதுமாகப் பித்தளை எடைக்கற்கள். அவற்றை வெறுங்கையால் தொடமாட்டார். விரலில் இருக்கிற எண்ணெய்ப் பசைகூட எடைதான் என்பார். இடுக்கியால் தூக்கித் தராசில் வைப்பார். கடைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். எண் சரியாக வந்தால் முத்திரை, வராவிட்டால் திருப்புளி.

இருபத்திரண்டு வருஷமாக இதே பிழைப்பு. இத்தனை வருஷத்தில் எண் தப்பாக வந்தபோதெல்லாம் அவர் தராசைத்தான் திறந்து பார்த்திருக்கிறாரே தவிர, ஒரு தடவைகூடக் கல்லைச் சந்தேகப்பட்டதில்லை. கல்லை வருஷா வருஷம் அலுவலகத்தில் சரிபார்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்குமேல் அதைப் பற்றி அவருக்கு என்ன கவலை? நல்ல பழக்கம்தான். இந்த நல்ல பழக்கம்தான் அவரைக் கவிழ்த்தது.

கார்டு விளையாட்டு அவரைப் பிடித்துக்கொண்டதும் ஒரு தராசு வழியாகத்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்டுக்கடையில் நகைக்கடைத் தராசு மாதிரி குட்டித் தராசு ஒன்று கோளாறு என்று கூப்பிட்டார்கள். கார்டுக்கடைக்கு எதற்கையா தராசு என்று கேட்டார். ஒட்டின பொட்டலத்துக்குள் மினுமினுப்பான அரிய கார்டு இருந்தால் பொட்டலம் ஒரு நூல் கனம் கூடுமாம். கனமானதையெல்லாம் யாராவது முன்கூட்டியே பொறுக்கிவிட்டார்களா என்று கடைக்காரர் எடை போட்டுப் பார்ப்பாராம். தராசுக்காரருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. தராசைச் சரிசெய்துவிட்டு நாலு பொட்டலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்றைக்குப் பிடித்தது பிடித்ததுதான்.

ஆட்டம் இதுதான். ஆளுக்கு ஒரு கோட்டை. அந்தக் கோட்டையைக் காக்கவும் எதிராளியின் கோட்டையை உடைக்கவும் ஆளுக்கு அறுபது கார்டு. ஆயிரக்கணக்கான கார்டுகள் கடையில் கிடக்கின்றன, எந்த அறுபது என்பது அவரவர் சாமர்த்தியம். இளவட்டங்கள் அதை டெக் என்பார்கள். தராசுக்காரர் கட்டு என்பார். ஒரு கார்டை எடுப்பார், இன்னொன்றைச் சேர்ப்பார், இருபது ஆட்டம் ஆடிப் பார்ப்பார், மறுபடியும் எடுப்பார். கட்டு அமைப்பதில் அவருக்கு ஈடு அந்த ஊரில் யாரும் கிடையாது. ஆனால் ஆடச் சொன்னால் தொலைந்தது. கையில் நல்ல கார்டு வந்தால் காது சிவக்கும், கெட்டது வந்தால் தொண்டையைக் கனைப்பார். எதிராளி அவர் காதைப் பார்த்தே ஜெயித்துவிட்டுப் போவான்.

அதனால் ஆடியது அவர் மனைவி. நகரப் பேருந்து ஓட்டுபவள். கடையில் அவளுக்கு டிரைவரம்மா என்று பெயர். பதினாலு வருஷம் நெரிசலில் ஸ்டியரிங் பிடித்த கை, எதற்கும் பதறாது. புருஷனுக்குத் துணையாக உட்கார்ந்து பார்க்கத்தான் முதலில் வந்தாள். மூன்றாவது வாரம், "தள்ளுங்க, உங்க காது உங்களையே காட்டிக் குடுக்குது" என்று அவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அவர் கட்டு, அவள் ஆட்டம். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அந்தச் சாப்பாட்டு மேசையைச் சுற்றித்தான் அவர்கள் குடும்பமே நடந்தது.

ஒளித்து வைத்துக் கதை சொல்வது நமக்கு ஒத்துவராது. அதனால் இங்கேயே சொல்லிவிடலாம். அந்த வருஷம் அவளுக்கு இடப்பக்கப் பார்வை போய்க்கொண்டிருந்தது. கண் நன்றாகத்தான் இருந்தது, கோளாறு கண்ணுக்குப் பின்னால் தலைக்குள். இருட்டாகத் தெரிந்திருந்தால் அவளே கத்தியிருப்பாள். நம் முதுகுக்குப் பின்னால் இருப்பது நமக்கு இருட்டாகவா தெரிகிறது? தெரிவதில்லை, அவ்வளவுதானே. அப்படி அவளுடைய இடப்பக்கம் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முதுகுப்பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அவள் பேருந்தில் ஒரு நடைக்கு நாற்பது ஐம்பது பேர் ஏறினார்கள். அவர்கள் நின்றதும் ஏறினதும் இறங்கினதும் இடப்பக்கம்.

இதற்குச் சாட்சி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது தராசுக்காரரின் நோட்டில், அவர் கையெழுத்தில் இருந்தது.

அவள் ஷிப்டு முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டதும் மேசையைத் துடைத்துவிட்டு உட்காருவார்கள். அவள் கையில் தங்கள் கட்டு. அவர் கையில் அந்த மாதம் ஊரில் ஜெயித்துக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு கட்டின் நகல். ஆடுவார்கள். எந்தக் கார்டு எப்போது வந்தது, வந்து என்ன செய்தது என்று அவர் கட்டம் போட்டு எழுதுவார். ஒத்திகை ஆட்டத்தில் எதிராளிக்கு எதையும் ஞாபகப்படுத்தக் கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். ஞாபகப்படுத்தினால் கணக்குக் கெட்டுப்போகுமாம்.

அந்தக் கட்டில் காவல் கார்டுகள் ஒன்பது இருந்தன. காவல் கார்டை மேசையின் இடப்பக்க ஓரத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி வைக்கவேண்டும். வைக்கும்போது சொல்லவேண்டியதில்லை. எதிராளி தாக்கும்போது "காவல்" என்று வாய்விட்டுச் சொன்னால் தாக்குதல் நின்றுவிடும். சொல்ல மறந்தால் அது மேசையில் இருந்தும் பிரயோஜனம் இல்லை. பொறுமைசாலிகளின் கார்டு அது. அவள் பிரியமாக ஆடுகிற கார்டும் அதுதான்.

அந்த வருஷத் தொடக்கத்தில் நோட்டைப் புரட்டின தராசுக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"காவலைக் குறைச்சிடலாம்னு பார்க்குறேன்" என்றார்.

"ஏங்க, காவலையா? அது இல்லாம என்ன ஆட்டம்? கதவில்லாத வீடு மாதிரி இருக்கும்."

"நாப்பத்தோரு தடவை மேசைக்கு வந்திருக்கு. பன்னெண்டு தடவைதான் வேலை செஞ்சிருக்கு. போன வருஷம் இப்படி இல்ல. நோட்டு பொய் சொல்லுமா?"

"நான்தான் சொல்ல மறந்திருப்பேன். அசதி. அதுக்குக் கார்டு என்ன பண்ணும்?"

"நீயே மறக்குறேன்னா அது மறக்க வைக்குற கார்டும்மா. உன்னைவிட ஞாபகமா ஆட யாரு இருக்கா?"

அவள் சிரித்துவிட்டாள். "இப்ப நீங்க என்னைப் பாராட்டுறீங்களா, இல்ல பழி போடுறீங்களா?"

அந்த இடத்தில் மனுஷன் ஒரு நிமிஷம் நின்றிருக்கலாம். மறக்காதவள் ஏன் மறக்கிறாள் என்று கேட்டிருக்கலாம். கட்டு அமைக்கிறவர்கள் அப்படிக் கேட்பதில்லை. நல்ல ஆட்டக்காரர் தடுமாறினால் கார்டு சரியில்லை என்பது அவர்கள் கூட்டத்தில் எழுதாத விதி. போதாததற்கு இவர் தராசுக்காரர் வேறு. அவருக்கு அவள்தான் எடைக்கல். கல்லைச் சரிபார்க்கும் உத்தேசம் அவருக்கு வரவே இல்லை. ஒன்பது காவலில் மூன்றை உறையிலிருந்து உருவி எடுத்தார்.

கட்டு ஜெயித்தது. அதுதான் கொடுமை. இடப்பக்க ஓரத்தில் கவனிக்க வேண்டியது குறையக் குறைய அவள் தடுமாற்றமும் நோட்டில் குறைந்தது. அவர் இன்னும் மூன்றை எடுத்தார். இன்னும் ஜெயித்தது. நடுமேசையில் நின்று நேராகத் தாக்குகிற படைக் கார்டுகளைச் சேர்த்தார். கடைசி மூன்றையும் எடுத்த வாரம் கடையில் அவள் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. காவல் இல்லாமல் யாராவது ஆடுவார்களா என்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். கார்டுக்கடைக்காரர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்கேருந்து சார் இந்த யோசனை?" என்று கேட்டார். "எல்லாம் நோட்டு" என்றார் தராசுக்காரர். தலைகால் புரியாத சந்தோஷம் அவருக்கு. நோயை மூடி மறைக்க ஒரு துணி நெய்துவிட்டு, அதன் அழகைப் பார்த்து அவரே மயங்கி நின்றார்.

வீட்டில் நடந்ததெல்லாம் நோட்டில் ஏறவில்லை. அவள் இடது தோளில் ஒரு கன்றல் ஆறுவதற்குள் இன்னொன்று வந்தது. கதவு நிலையில் இடித்துக்கொண்டேன் என்பாள். தட்டில் இடப்பக்கம் வைத்த கறி அப்படியே கிடக்கும். பிடிக்கலையா என்று கேட்டால், "எங்க வச்சீங்க?" என்று தட்டைத் திருப்பிச் சாப்பிடுவாள். தராசுக்காரர் அவளை வேலை முறிக்கிறது என்று நினைத்துக்கொண்டார். இரவு அவள் காலைப் பிடித்துவிட்டார். அன்பான மனுஷன்தான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. டெப்போவில் டிரைவர்களுக்கு வருஷத்துக்கொரு தடவை கண் பார்ப்பார்கள். அந்த வருஷமும் பார்த்தார்கள். எதிரே தொங்கிய பலகையில் கடைசி வரி வரைக்கும் ஒரு எழுத்துப் பிசகாமல் படித்துவிட்டு வந்தாள். பக்கவாட்டில் என்ன தெரிகிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

அவளுடைய தம்பி அதே டெப்போவில் வண்டிகளின் உடம்பைத் தட்டி நிமிர்த்துகிற வேலையில் இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து மெல்ல ஆரம்பித்தான்.

"மாமா, அக்கா வண்டியில இடதுபக்கக் கண்ணாடி மூணு மாசத்துல நாலு மாத்திட்டேன். கண்ணாடி மேல அக்காவுக்கு என்ன கோவமோ தெரியல."

"ரோடு அப்படி. ஓரமா வண்டிய நிறுத்தி வச்சிடுறானுங்க. கணக்குல எழுதினியா?"

"எழுதுனா விசாரணைன்னு கூப்பிட்டு உக்கார வச்சிருவாங்க. ஓட்டம் முடிஞ்ச பழைய வண்டியிலேருந்து கழட்டி மாட்டிட்டேன். படிக்கட்டுப் பக்கமும் ஒரு நசுங்கல். அதையும் தட்டிட்டேன். அக்காவுக்கு இதுகூடச் செய்யலன்னா அப்புறம் நான் என்ன தம்பி?"

"நல்ல காரியம் பண்ணினே மாப்பிள்ளை" என்று அவன் முதுகில் தட்டினார் தராசுக்காரர். குளியலறையிலிருந்து அவள் வெளியே வந்ததும் பேச்சை மாற்றிவிட்டார்கள். ஒருவர் கார்டை மாற்றினார், ஒருவன் கண்ணாடியை மாற்றினான். இருவரும் அவளுக்காக உயிரையே கொடுக்கக்கூடியவர்கள். இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் அவள் ஆபத்தைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள்.

மண்டலப் போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாடகை மண்டபம் ஒன்றில் நடந்தது. அறுபத்துநாலு பேர். முதல் இரண்டு பேருக்குத் தேசியப் போட்டியில் இடம். அவளுக்கு அன்று நாலு மணிக்கு மாலை ஷிப்டு. காலையிலேயே காக்கிச் சட்டையைப் பையில் மடித்து வைத்துக்கொண்டுதான் வந்தாள்.

காலை முழுக்க ஒரே ஓட்டம். உட்கார்ந்தாள், ஜெயித்தாள், எழுந்தாள். எதிராளிகளின் காவல் அவர்களுக்கு இடப்பக்கம் இருக்கும், எதிரே உட்கார்ந்த அவளுக்கு அது வலப்பக்கம். ஒன்றுவிடாமல் பார்த்துப் பதில் ஆடினாள். பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் ஆட்டம் முடிந்ததும் அவள் மேசையைச் சுற்றி நின்றார்கள். கயிறு கட்டின தடுப்புக்கு வெளியே நின்ற தராசுக்காரர் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்துச் சட்டையையே கசக்கிவிட்டார்.

இரண்டரை மணிக்கு அரையிறுதி. எதிராளி ஒரு பல் டாக்டர். நாற்பது வயது, அமைதியான ஆள், இடதுகைக்காரர். இடதுகைக்காரர்கள் காவலை வலப்பக்கம் வைத்துக்கொள்ளலாம் என்று விதியில் ஒரு வரி உண்டு. அப்படி ஒருத்தரோடு அவள் ஆடி ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். அவருக்கு வலப்பக்கம் என்றால் அவளுக்கு இடப்பக்கம்.

முதல் ஆட்டத்தில் அவருக்குக் காவல் ஒன்றுமே வரவில்லை. அவள் நேராக ஏறி அடித்து ஜெயித்தாள். இரண்டாவதில் அவள் படைகள் ஏதோ ஒரு சுவரில் முட்டின மாதிரி நின்றன. "இது எங்கேருந்து வந்துச்சு?" என்று ஒரு தடவை முணுமுணுத்தாள். தோற்றாள். மூன்றாவது ஆட்டம்தான் தீர்ப்பு.

பல் டாக்டர் ஒரு காவலை வைத்தார். இரண்டு சுற்று கழித்து இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. மூன்றும் வெளிச்சத்தில் பளிச்சென்று அவள் இடது முழங்கைக்கு எதிரே கிடந்தன. கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்ற சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்தது. அவள் படையைச் சேர்த்துக்கொண்டே போனாள். ஏதோ திட்டம் வைத்திருக்கிறாள் என்று நினைத்தார் தராசுக்காரர். காவலை உடைக்கிற கார்டு ஒன்று கையில் இருக்கும், அதற்குத்தான் காத்திருக்கிறாள் என்று நினைத்தார். அப்படி ஒரு கார்டு தாம் அமைத்த கட்டிலேயே இல்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் நினைத்தார்.

"முழுப் படையும்" என்று சொல்லி அவள் எல்லாவற்றையும் முன்னால் தள்ளினாள்.

"காவல்" என்றார் பல் டாக்டர். "காவல். காவல்."

மேசையைச் சுற்றி நின்றவர்களிடமிருந்து ஒரு பெருமூச்சுக் கிளம்பியது. யாரோ சிரித்தார்கள். அவள் நிமிர்ந்தாள்.

"எங்க காவல்?"

அவர் விரலால் காட்டினார். அவள் விரலைப் பார்த்தாள், அப்புறம் முகத்தையே முழுசாகத் திருப்பிப் பார்த்தாள். தராசுக்காரர் அவள் முகத்தை அத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. நின்ற வண்டியில் பின்னாலிருந்து இடிபட்டவள் மாதிரி இருந்தது.

"நடுவரைக் கூப்பிடுங்க" என்றாள். "இவரு இதை இப்பத்தான் வச்சாரு."

நடுவர் ஒரு பெண், கழுத்தில் அட்டை தொங்கியது. குனிந்து பார்த்தாள். "இல்லம்மா. ரொம்ப நேரமா அங்கதான் இருக்கு. நானே பார்த்தேன்."

"நீங்க எல்லாரும் சேர்ந்து பார்த்தீங்களா?"

"அம்மா, இத்தனை பேரு நிக்கிறாங்க, கேட்டுப் பாருங்க."

அவள் கேட்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு கயிற்றருகே வந்து தாழ்ந்த குரலில் புருஷனைக் கேட்டாள்.

"அந்த ஆளு அதை வச்சதை நீங்க பார்த்தீங்களா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். "பார்த்தேன்" என்றார்.

"அப்ப நீங்களும் அவங்க பக்கம்தான்." அவள் கண் கலங்கிவிட்டது. "எனக்கு நாலு மணிக்கு வண்டி. நான் போறேன்." போகும்போது வாசல் கதவின் இடப்பக்க நிலையில் தோள் இடித்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

தராசுக்காரர் அவமானத்தில் குறுகிப்போய் ஒரு மூலையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கூட்டம் கலைந்த பிறகுதான் மேசையருகே வந்து கார்டுகளைப் பொறுக்கி அடுக்கினார். அவருக்காகவே காத்திருந்தவர் மாதிரி பல் டாக்டர் பக்கத்தில் வந்து நின்று, தாமும் பொறுக்கிக் கொடுத்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். அவங்க பொய் சொல்றாங்கன்னு எனக்குத் தோணல. ரெண்டாவது ஆட்டத்திலேருந்தே கவனிச்சேன். எங்கிட்ட வர்றவங்க ஒரு பக்கப் பல்லு வலிச்சா மறுபக்கத்துலயே மென்னு மென்னு பழகிடுவாங்க. கேட்டா வலியே இல்லம்பாங்க. இவங்க அந்த மாதிரி மேசையில பாதியை விட்டுட்டே ஆடுறாங்க. கண்ணைக் காட்டினீங்களா?"

"கண்ணெல்லாம் வருஷா வருஷம் டெப்போவுல பார்த்துடறாங்க."

"டெப்போவா? அவங்க என்ன வேலை பார்க்குறாங்க?"

"பஸ் ஓட்டுறா."

பல் டாக்டரின் கை கார்டுகளின் மேல் அப்படியே நின்றது. "இன்னிக்கு ஓட்டுறாங்களா?" என்று கேட்டார்.

தராசுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. காவல், நாற்பத்தொன்று, பன்னிரண்டு. காவல், முப்பத்தாறு, ஐந்து. கட்டம் கட்டமாகத் தாமே எழுதின எண்கள் வரிசையாக வந்து நின்றன. தோளில் கன்றல், தட்டில் கறி, நாலு கண்ணாடி, படிக்கட்டுப் பக்கத்து நசுங்கல். பத்து மாதமாகக் கல்லைப் பார்க்காமல் தராசையே திருகிக்கொண்டு இருந்திருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு அடித்து எட்டு நிமிஷம் ஆகியிருந்தது. கார்டுகளை மேசையிலேயே விட்டுவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டே வெளியே ஓடினார்.

"மாப்பிள்ளை, அக்கா வண்டி எடுத்தாச்சா?"

"இப்பத்தான் மாமா, அஞ்சு நிமிஷம் ஆச்சு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போகுது. தோத்துட்டீங்களா?"

"அவளை நிறுத்தச் சொல்லு."

"எப்படி நிறுத்துறது? போனைப் பெட்டியில போட்டுட்டுத்தான் வண்டி ஏறணும். என்ன மாமா ஆச்சு?"

"அவளுக்கு இடதுபக்கம் தெரியலடா."

மறுமுனையில் சுத்தியல் ஒன்று கீழே விழுகிற ஒலி மட்டும் கேட்டது.

"மாமா" என்றான் மைத்துனன். குரல் அவன் குரலாகவே இல்லை. "அந்த நசுங்கல்... அது ஒரு சைக்கிள்காரனை உரசினது மாமா. அவனுக்கு ஒண்ணும் ஆகல. அக்காவுக்கே தெரியாது. கண்டக்டர் எங்கிட்ட சொன்னாரு. நான்தான்..."

"கண்டக்டருக்குப் போன் அடி. அடிச்சுக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு ஓடினார் தராசுக்காரர்.

அவள் தடம் அவருக்கு மனப்பாடம். மண்டபத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி மார்க்கெட் நிறுத்தம். நாலு இருபதுக்கு அங்கே வரும். அவர் போய்ச் சேர்ந்தபோது இருபது பேருக்கு மேல் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், ஆளாளுக்குக் கையில் பைகள். பேருந்து தூரத்தில் தலை காட்டியதும் எல்லாரும் வழக்கம்போல நடைமேடையை விட்டு ரோட்டில் இறங்கினார்கள். முதலில் ஏறுகிறவருக்குத்தானே உட்கார இடம்.

"இறங்காதீங்க! மேல ஏறுங்க, பின்னாடி போங்க!" என்று கத்தினார்.

"நீங்க யாரு சார், போலீசா?" என்றார் ஒருவர்.

அவர் தள்ளினார். ஒரு பெண்மணியின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார், அவள் கையிலிருந்த காய்கறிப் பை கீழே விழுந்தது. யாரோ அவர் சட்டையைப் பிடித்தார்கள். அதற்குள் பேருந்து பக்கத்தில் வந்துவிட்டது. அதன் இடது சக்கரம் நடைமேடையை ஒட்டி, ஒட்டி, கல்லை உரசிக்கொண்டே வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது. அழுது முடித்த முகம். சாலையை நேராகப் பார்த்துக்கொண்டு, நிதானமாக, கவனமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். தராசுக்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். அவள் இமைகூட அசையவில்லை.

இந்தப் பக்கம் நின்று என்ன கத்தினாலும் தாம் அவளுக்கு இல்லை என்பது அவருக்குப் பளிச்சென்று தெரிந்தது. அவள் பார்க்கிற இடத்தில் போய் நிற்கவேண்டும். அது ரோட்டுக்கு நடுவே, வண்டிக்கு நேர் எதிரே, அவள் உட்கார்ந்திருக்கிற வலப்பக்கம். யோசித்திருந்தால் அவர் போயிருக்கமாட்டார். ஓடினார். நின்றார். முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

பிரேக் அலறியது. டயர் தீய்ந்த நாற்றம் வந்தது. கைகளை எடுத்துப் பார்த்தபோது வண்டியின் மூக்கு அவர் மார்புக்கு ஒரு முழத்தில் நின்றிருந்தது. உள்ளே விழுந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். அவள் பக்கத்துக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"ஏங்க, உங்களுக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? ஒரு ஆட்டத்துக்காகவா சாகப் பார்க்குறீங்க? ஸ்டாப்புல நின்னு கையைக் காட்டியிருந்தா நான் நிறுத்தியிருக்க மாட்டேனா?"

"ஸ்டாப்புலதாம்மா நின்னேன்" என்றார் தராசுக்காரர். "கையைக் காட்டினேன். கத்தினேன்."

"அங்க யாருமே இல்லையே!"

காய்கறிப் பைக்காரியின் அழுகுரல் கேட்டது. அது எங்கிருந்து வருகிறது என்று அவள் தேடினாள். தலையை இடப்பக்கமாகத் திருப்பினாள், இன்னும் திருப்பினாள், கழுத்து நரம்பு புடைக்கும்வரை திருப்பினாள். அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். நடைமேடை நிறைய ஜனம். ஒரு கிழவர், இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி, தலையில் கைவைத்துக்கொண்டு நின்ற ஒருத்தன். நடைமேடையின் ஓரக்கல்லில் ஏறி நின்றிருந்த முன்சக்கரம். சக்கரத்தடியில் கூழாகிக் கிடந்த பை, சற்றுமுன் அந்தப் பெண் நின்ற இடத்தில்.

அவள் முகத்தை நேராக வைத்துக்கொண்டாள். மறுபடியும் திருப்பினாள். நேராக வைத்துக்கொண்டாள். அப்படி மூன்று தடவை செய்தாள். செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த தராசுக்காரருக்கு, வண்டி தம்மேல் ஏறியிருந்தாலே தேவலை என்று தோன்றியது.

"எத்தனை நாளாங்க?" என்று கேட்டாள் அவள்.

"பத்து மாசம்" என்றார். "நோட்டுல இருக்கு."

அவள் என்ஜினை அணைத்தாள். பதினாலு வருஷமாக அவள் கையில் இருந்த சாவியைக் கழற்றி, ஜன்னல் வழியாக அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினார்.